தோற்றமும் கற்பனையும்



மாலை வேளையில் குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளத்துக்குக் காத்திருப்போர், நயினை நாகபூஷணி அம்பாள் கோயில் இருக்கும் மேற்றிசையில் ஞாயிறு இறங்குவதைக் காண்பர். அஃது ஒரு தாம்பாளத்தின் அளவினதாகவே கண்ணுக்குப் புலனாகும். பூமியினும் பன்மடங்கு பெரிதென்று படித்தவரும் அவ்வாறே காண்பர். அறிவு திருத்திய பின்னரும் தோற்றம் திருந்துவதில்லை.

ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன்னரே அரிஸ்ரோட்டில் என்னும் கிரேக்க அறிஞர் இதனை எடுத்துக்காட்டினார். அவருடைய ஆசிரியர் பிளேற்றோ, புலன்காட்சியும் கருத்தும் கலந்த கலவையே தோற்றம் என்றவர். கலவையாயின், ஞாயிறு பெரிதென அறிந்தவன் அவ்வறிவைக் கைவிட்டிருத்தல் வேண்டும். அன்றேல், ஒரே கருத்து மெய்யாகவும் பொய்யாகவும் இருத்தல் வேண்டும். இரண்டும் பொருந்தா என்பது மாணவரின் மறுப்பு. ஆகவே காட்சிக்கும் கருத்துக்கும் நடுவே 'பந்தாசியா' என்னும் ஆற்றலுக்குத் தனியிடம் வகுத்தார். ஒளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது என்பது அவர் கூற்று. புலனுணர்விலிருந்து எழுவதாயினும், கண்களை மூடியபோதும் கனவிலும் அது தொழிற்படும். அகத்தே ஓர் உருவமின்றி உயிர் ஒருபோதும் சிந்திப்பதில்லை என்றும் அவர் துணிந்து கூறினார்.

இதனைத் தமிழிற் 'கற்பனை' என்று பெயர்த்துவிடுவது எளிது. அங்கேதான் இடர் இருக்கிறது.

நயினாதீவே மணிமேகலைக் காப்பியத்து மணிபல்லவம் என்று கொள்ளும் அறிஞர் உளர். அக்காப்பியத்தின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அளவை நூலை உரைக்கின்றார். பெயர், சாதி, குணம், செயல் ஆகியவற்றை நீக்கி நின்ற வெறும் உணர்வே அங்கே காட்சி எனப்படும். நீக்கப்பட்ட இவற்றையே திக்நாகர் வழிவந்த பௌத்த அளவை நூலார் கற்பனை என்றனர். அலைமேல் தெரியும் வெண்மையை முதற்கணத்தில் உணர்வது காட்சி. 'இது விகாரையின் தாதுகோபம்' எனப் பெயரிட்டு அறிவது கற்பனை.

அரிஸ்ரோட்டிலின் பந்தாசியாவோ பெயரை வேண்டி நிற்பதன்று. பேச்சறியா விலங்குகள் பலவற்றுக்கும் அதனை அவர் உடன்படுகின்றார். ஒன்று சொல்லின் வேலை. மற்றது உருவத்தின் வேலை. இரண்டையும் ஒரு சொல்லால் வழங்கினால், மாணாக்கர் இரு நூல்களையும் பிழைபடவே கற்பர். 'தோற்றம்' என்பதே எமக்கு உடன்பாடு. அழகு சற்றுக் குறைந்த சொல்தான், ஆயினும் ஏமாற்றாது.

இத்தீவிற் பிறந்து இன்று ரொறன்ரோவில் வாழும் முதியவர் ஒருவர், கண்களை மூடிக் கோபுரத்தைக் காண்கிறார் என்று கொள்வோம். எதிரே பொருள் இல்லாமையால் அது காட்சியன்று. எதனையும் அவர் முடிவுசெய்யாமையால் தீர்ப்புமன்று. நினைவையும் தோற்றத்தையும் உயிரின் ஒரே பகுதிக்கு உரியனவாக வைத்த அரிஸ்ரோட்டிலிடம் அதற்கோர் இடம் உண்டு.