புகை சொல்லாத செய்தி



மணிமேகலைக் காப்பியத்திலே சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை என்று ஒரு பகுதி உண்டு. ஒன்றை உண்மையென்று அறிவதற்குரிய வழிகள் பத்து என வஞ்சி நகரத்து அளவைவாதி அங்கே எடுத்துரைக்கிறான். நேரிற் கண்டு அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத் தகுந்தோர் சொல்லைக் கொண்டு அறிவதும் ஒரு வழி. அதனை உரை என்பர். இவற்றுள் கருதலுக்கு நம் தருக்க நூலார் வழிவழியாகக் காட்டும் உதாரணம் புகையாகும். தூரத்து மலையிலே புகை எழுந்தால் அங்கே நெருப்பு இருக்கிறதென்று அறிகிறோம் அல்லவா?

இந்த மூன்று அளவைகளையும் இன்று ஒரு பழைய மோட்டார் சைக்கிளின்மேல் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். இலக்கிய நிகழ்ச்சியிலே மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காலை ஏழரை மணிக்கு எந்தப் பாடசாலை வாசலிலும் சற்று நின்று பாருங்கள். தகப்பனார் ஒருவர் முன்னால் ஒரு பிள்ளையையும் பின்னால் ஒரு பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார். அந்த வண்டியின் வயது பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளின் வயதைவிட அதிகம். அதை எதைக்கொண்டு நம்புவது என்ற கேள்வி மூன்று உயிர்களைப் பற்றிய கேள்வியாகும்.

யாழ்ப்பாணத்து வீதிகளில் முப்பது, நாற்பது வருடம் கண்ட ஹொண்டாக்கள் இன்றும் ஓடுகின்றன. 1990 களின் முற்பகுதியில் பெற்றோல் அரிதாகிப்போன காலத்தில் இவை மண்ணெண்ணெயிலே ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளை விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறிய பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் ஆசிரியரைப் பாடசாலைக்கும் கொண்டு சென்றவை இவைதாம். பின்னர் 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அந்தத் தடை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீடித்தபோது பழைய வண்டிகளுக்குக்கூட விலை ஏறியது. ஆகவே பழைய மோட்டார் சைக்கிளை வைத்திருப்பவர் பலருக்கு அது விருப்பமன்று, வேறு வழியின்மை. பழையதை எறிந்துவிடுங்கள் என்று அவர்களுக்கு உபதேசம் செய்வதில் பயனில்லை.

அப்படியாயின் அந்த வண்டியைப் பரிசோதிப்பவர் யார்? வருடந்தோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறும்போது காப்புறுதியையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் காட்டுகிறோம். இந்தப் புகைப் பரிசோதனை 2008 இல் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. பஸ், லொறி போன்றவற்றுக்கு வீதியில் ஓடத் தகுதியானவை என்ற சான்றிதழ் தனியாக வேண்டும். நம்முடைய சொந்தப் பாவனைக்கான மோட்டார் சைக்கிளுக்கு அது கேட்கப்படுவதில்லை. எனவே நம்மிற் பலர் புகைச் சான்றிதழையே வண்டியின் சுகநலச் சான்றிதழாக எண்ணிக்கொள்கிறோம். இங்கேதான் கருதல் அளவை வழுவுகிறது.

புகையைக் கண்டு நெருப்பை அறியலாம். பெற்றோல் எஞ்சினின் புகைக்குழாயில் வரும் காபன் மொனொட்சைட்டையும் எரியாத எரிபொருளையும் அளந்து, உள்ளே எரிதல் ஒழுங்காக நடக்கிறதா என்று அறியலாம். அதுவும் அந்த நேரத்து நிலைமைதான். காபுரேற்றரின் சிறு திருகாணி ஒன்றைச் சற்றுத் திருப்பினாலே அந்த அளவு மாறிவிடும். புகையைக் கொண்டு பிறேக்கை அறிய முடியுமா? ரயரை அறிய முடியுமா? நெருப்பைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்தவனிடம் நீரைப் பற்றிக் கேட்பது போன்றதே இது.

விரிவான பரிசோதனை உள்ள நாடுகளில் நிலைமை என்ன? பிரித்தானியாவில் 1960 இல் வாகனத் தகுதிப் பரிசோதனை தொடங்கியபோது பத்து வருடம் பழைய வாகனங்களே அதற்கு உட்பட்டன. 1967 இல் அது மூன்று வருடமாகக் குறைந்தது. அங்கே பிறேக், ரயர், விளக்கு, சில்லு, ஹாண்டில் எல்லாம் பார்க்கப்படுகின்றன. அப்படியிருந்தும், சான்றிதழ் செல்லுபடியாகும் காலம் முழுவதும் வாகனம் தகுதியாக இருக்கும் என்பது இதன் பொருளன்று என்று அந்நாட்டு அரசே மக்களுக்குச் சொல்கிறது. எஞ்சின், கிளச், கியர்ப்பெட்டி ஆகியவற்றின் நிலை அந்தப் பரிசோதனையில் அடங்குவதுமில்லை. 2018 மே மாதத்திலிருந்து நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட, பெரிதும் மாற்றியமைக்கப்படாத வாகனங்களுக்குப் பரிசோதனையே கட்டாயமில்லை என்றாகிவிட்டது. ஆனால் வாகனத்தை ஓடத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளரை விட்டு நீங்கவில்லை. சான்றிதழ் என்பது ஒரு நாளைப் பற்றிய உரை. மற்ற நாட்களுக்குச் சாட்சி, ஓட்டுபவரின் கண்ணும் கையும் காதுமேயாம்.

ஆகவே காண்டல் அளவைக்கு வருவோம். முதலில் ரயர். பள்ளம் ஆழமாக இருந்தால் ரயர் நல்லது என்று எண்ணுகிறோம். குறைவாக ஓடிய பழைய வண்டியிலே ரயர் தேயாமலே கிழடாகிவிடும். வெயில் பட்டு றப்பர் இறுகி, ஈர வீதியில் பிடிப்பை இழக்கும். 2000 ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட ரயர்களின் பக்கத்திலே நான்கு இலக்கங்கள் இருக்கும். 1419 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் பதினான்காம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பக்கச் சுவரிலும் பள்ளத்தின் அடியிலும் நுண்ணிய வெடிப்புகள் உண்டா என்றும் பாருங்கள்.

அடுத்தது பிறேக். பழைய வண்டிகளின் பிறேக்கைப் பெரும்பாலும் கேபிளே இழுக்கிறது. அந்தக் கேபிள் நடுவிலே அறுவதைவிடப் பிடியோடு சேரும் முனையிலே அறுவதே அதிகம். உறைக்குள் ஒவ்வோர் இழையாக அறுந்து, கடைசி இழைகள் அவசரமாகப் பிடிக்கும்போது போகும். முனையை வெளியே எடுத்துப் பார்த்தாலன்றி அது தெரியாது. பல வண்டிகளில் பிறேக் கையின் அருகே ஒரு சிறு அம்புக்குறியும், அதற்கெதிரே ஓர் அடையாளமும் இருக்கும். பிறேக்கை முழுதாக அழுத்தும்போது இரண்டும் சந்தித்தால் உள்ளே பிறேக் சூ தேய்ந்துவிட்டது.

சங்கிலியை ஓரிடத்தில் மாத்திரம் தொட்டுப் பார்ப்பவர் ஏமாந்து போவார். பழைய சங்கிலி எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. சில்லைச் சுற்றி நாலைந்து இடங்களில் பார்க்கவேண்டும். சில்லுக் கம்பிகளை ஒரு சிறு சாவியால் தட்டிக் கேளுங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். இது செவியாற் கொள்ளும் காண்டல்.

இனிக் கருதல். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, ஒருவரைப் பின்னால் அமர்த்தி முன்சில்லை நிலத்திலிருந்து எழச் செய்யுங்கள். ஹாண்டிலை மெல்லத் திருப்பும்போது நேராக நிற்கும் இடத்தில் தடக்கென்று ஒரு தடை தென்பட்டால், கழுத்துக்குள் இருக்கும் குண்டுகள் தடம் பதித்துவிட்டன என்று உணரலாம். முன்தண்டின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கையில் ஆட்டம் தெரிந்தால் அங்கே தளர்ச்சி உண்டு. பின்சில்லைப் பக்கவாட்டில் அசைக்கையில் ஆடினால் அச்சிலோ, சில்லைத் தாங்கும் கையின் புஷ்ஷிலோ குறை இருக்கிறது. காணாத இடத்தை இவ்வாறு கருதி அறியலாம். நோய் இன்னதென்று முடிவு கட்டுவது மெக்கானிக்கின் வேலை. நோய் உண்டென்று அறிவது நம் வேலை.

மெக்கானிக்கின் உரையையும் எப்படிக் கேட்பதென்று ஒரு முறை உண்டு. “எல்லாம் சரிதானே அண்ணை?” என்று கேட்டால் “ஓம், சரி” என்றுதான் மறுமொழி வரும். “எதைக் கழற்றிப் பார்த்தீர்கள்? எது அடுத்ததாகப் பழுதாகும்?” என்று கேளுங்கள். கழற்றிப் பார்த்ததைச் சொல்பவரின் சொல் நம்பத் தகுந்தது.

இவ்வளவையும் மக்கள் தலையிலே போட்டுவிட்டு அரசு ஒதுங்கலாமா என்றும் கேட்கவேண்டும். நம் நாட்டு வீதிகளில் உயிரிழப்போரில் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் பெருந்தொகையினர். எல்லா விபத்துக்கும் வண்டியே காரணமல்ல என்பது உண்மை. ஆயினும் புகை அளக்கும் இடத்திலேயே ரயரையும் இரண்டு பிறேக்குகளையும் பார்த்து, மேலதிகக் கட்டணமின்றி ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் எத்தனையோ பேர் பயனடைவர். தண்டனைக்காக அன்றி அறிவுறுத்தலாக அது இருந்தாலே போதும்.

புறநானூற்றிலே ஔவையார் பாடல் ஒன்றில் உப்பு வணிகர் வருகின்றனர். இளைய எருதுகள், நிறைந்த பாரம், பள்ளமும் மேடுமான வழி. புறப்படும்போது வண்டி நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆயினும் வழியிலே என்ன நேருமோ என்று எண்ணி, வண்டியின் அடியிலே இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு போனார்கள். மோட்டார் சைக்கிளிலே இன்னொரு பிறேக்கைக் கட்டிக்கொண்டு போக முடியாது. இருப்பதைப் பார்த்துக்கொள்ளவே முடியும். அதற்கு ஞாயிற்றுக்கிழமை காலையிலே கால் மணி நேரம் போதும். திங்கட்கிழமை காலை பிள்ளைகள் அதிலே ஏறப்போகிறார்கள்.