பூனையின் நித்திரை

நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேரம் வரை உறங்கும் பூனையைச் சோம்பேறியென்று தூஷிப்பது நியாயமன்று. அந்தியிலும் அதிகாலையிலும் மங்கிய வெளிச்சத்தில் இரை தேடும் பிராணியாகப் பிறந்துவிட்டமையால், வேட்டைக்கு வேண்டிய சக்தியை அது பகலெல்லாம் படுத்துச் சேமிக்கிறது. அதிலும் பெரும்பகுதி அரைத்தூக்கமே. கண் மூடியிருக்க, காது மட்டும் ஓசை வந்த திசைக்குத் திரும்பும். மீசை துடிக்கும் ஆழ்ந்த நித்திரை வேறு: உடல் தளர்ந்து கிடக்க, மூளை மட்டும் விழித்திருப்பதுபோல் இயங்கும் அந்த விசித்திர நிலையை, பிரான்ஸின் லியோன் நகரத்து விஞ்ஞானி மிஷேல் ஜூவே, 1959-ல் பூனைகளிடமே ஆராய்ந்து விவரித்தார். அந்த நித்திரையில் பூனையைத் தொட்டு எழுப்பலாகாது. குழந்தைகளுக்கு இதைப் புரியவைப்பது சிரமந்தான். விடியுமுன் கத்தி எழுப்புகிற பூனையாயின், இரவில் கயிற்றை இழுத்துச் சற்று ஓடவிட்டு, பிறகு வயிறார உணவிடுங்கள். அப்படியும் நாலு மணிக்கே கூப்பிட்டால், எழுந்துபோய்ச் சோறு மட்டும் வைத்துவிடாதீர்கள். மறுநாள் மூன்றரைக்கே கூப்பிடும்.