மாத்திரையை நிறுத்தாதீர்கள்!



கட்டடம் கட்டுற எஞ்சினியருக்கு மருத்துவப் பேச்சு எதுக்குன்னு கேட்பீங்க. காரணம் என் ஹாஸ்டல் நண்பன். அவனுக்கு எச்.ஐ.வி.; கூடவே ஹெபடைட்டிஸ் பி. அவன் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

நம் நாட்டில் 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியது. இன்று தரப்படும் மாத்திரையில் உள்ள டெனோபோவிர், லாமிவுடின் இரண்டும் ஹெபடைட்டிஸ் பி வைரஸையும் அடக்கி வைக்கும். ஒரே மாத்திரை, இரண்டு காவல்.

உடம்பு தேறியதும் அவன் நிறுத்திவிட்டான். மருந்து வரிசையில் தெரிஞ்சவங்க பார்த்துடுவாங்களோ என்ற பயம்! நம்ம புதுச்சேரி கடல்காத்துல தூணுக்குள்ளே கம்பி துருப்பிடிப்பது வெளியே தெரியாது. கல்லீரலும் அப்படித்தான். அடங்கிக் கிடந்த வைரஸ் மறுபடி கிளம்பியது. கண் மஞ்சளாச்சு. கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சுப் பார்த்தான், மதுவையும் விடவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்தான். பீச் ரோட்டில் தினமும் கூட நடந்த எனக்கே அன்றுதான் விஷயம் தெரியும்.

டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள். மதுவைத் தொடாதீர்கள். வீட்டார் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும். நமக்கும் ஒரு வேலை உண்டு: நண்பன் பயப்படாமல் வாய்திறந்து சொல்லும்படி நாம இருக்கணும்.