வணிகமும் மனச்சான்றும்



பத்தாண்டு நிறைவு விழாவில் வணிக அறம் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். வணிகரைப் பற்றிய குறளை வள்ளுவர் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். கலப்படம், பதுக்கல், எடைக்குறைவு என்று பேசினால் நீங்கள் அனைவரும் உடன்படுவீர்கள். உடன்பாடு முன்னரே உள்ள இடத்தில் சொற்பொழிவுக்கு வேலையில்லை. ஆகவே, இரு தரத்தாரும் தத்தம் நெஞ்சறிய நேர்மையாய் நின்று எதிரெதிரே வழக்காடிய ஒரு செய்தியை எடுத்துக்கொள்கிறேன்.

2014 மே மாதம். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஆஷர்ஸ் என்றொரு பேக்கரி. அக்கடையின் பெயரே விவிலியத்தின் ஆதியாகமத்திலிருந்து எடுக்கப்பட்டது. முன்னரும் அங்கு வாங்கிப் பழகிய ஒருவர், தன்பாலீர்ப்பினர்மீதான வெறுப்புக்கு எதிராக நடந்த வாரத்தின் நிறைவு விழாவுக்கென ஒரு கேக் செய்யச் சொன்னார். ‘செசமி ஸ்ட்ரீட்’ தொடரின் பெர்ட், எர்னி என்னும் பொம்மைகளின் படமும், ஒருபால் திருமணத்தை ஆதரிக்குமாறு கோரும் வாசகமும் அதன்மேல் அமைய வேண்டும். விலை 36 பவுண்டு 50 பென்ஸ், செலுத்திவிட்டு வந்தார். சில நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. தாங்கள் கிறித்தவ நெறியில் நடப்பவர்கள் என்றும், அவ்வாசகத்தை எழுத இயலாது என்றும் கூறி, வருத்தம் தெரிவித்துப் பணத்தைத் திருப்பித் தந்தனர்.

(இங்கே ஒரு சொல் பற்றி. நம் ஏடுகள் இம்மக்களைக் குறிக்க நெடுநாள் ஆண்ட சொற்கள் பல ஏச்சுக்கு அருகில் நின்றவை. ‘தன்பாலீர்ப்பு’ என்ற சொல் அவ்வாறன்று; அதனையே ஆள்கிறேன்.)

கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் கடைக்காரர்க்கு எதிராகவே தீர்ப்பளித்தன. இழப்பீடு 500 பவுண்டு. ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றமோ 2018 அக்டோபர் 10 அன்று, ஐந்து நீதியரசரும் ஒருமனதாக, அதனை மாற்றிற்று. தீர்ப்பை எழுதியவர் தலைமை வகித்த ஹேல் அம்மையார். கடைக்காரர் மறுத்தது ஆளையன்று, வாசகத்தை. அதே வாசகத்தை வேறு எவர் கேட்டிருப்பினும் மறுத்திருப்பர் என்பது அவர் கண்ட முடிவு.

இதே அம்மையார் 2013இல் எழுதிய தீர்ப்பொன்றை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். கார்ன்வால் பகுதியில் ஒரு கிறித்தவத் தம்பதியர் தம் இல்லத்திலேயே விருந்தினர் விடுதி நடத்தினர். 2008 செப்டம்பரில், சட்டப்படி பதிவுசெய்துகொண்ட ஆடவர் இணையர் இருவர், முன்பதிவு செய்திருந்தும், இருவர்க்கான கட்டில் உள்ள அறை மறுக்கப்பட்டனர். மணமாகாத எவர்க்கும் அவ்வறை தருவதில்லை, ஆண் பெண் எனினும் அப்படியே என்று விடுதியார் வாதிட்டனர். வாதம் பொய்யன்று. ஆனால் அன்று அவ்விருவர்க்கும் திருமணம் என்ற வாயிலே சட்டத்தில் அடைபட்டிருந்தது. மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. அங்கே எழுதவேண்டிய வாசகம் ஏதுமில்லை. கேட்டது ஒரு கட்டில்.

ஒரே நீதியரசர், ஒரே சமயம்சார்ந்த மறுப்பு, இரண்டு முடிவுகள். இதனை முரண் என்பாருளர். நான் முரணாகக் கொள்ளவில்லை. நம் வட்டத்து நண்பர்களையே எண்ணிப் பாருங்கள். ஒரு திருமணத்திற்கு வாழ்த்துப்பா எழுதித் தருமாறு நம்மில் ஒரு கவிஞரை அழைக்கிறார்கள். அவர் மனம் ஒப்பவில்லையெனில் எழுத மறுக்கலாம். எந்த நீதிமன்றமும் அவர் கையைப் பிடித்து எழுதுவிக்கலாகாது. ஒடுக்கப்பட்ட சமூகத்து அச்சகத்தார் ஒருவரிடம் சாதிப் பெருமை பேசும் சுவரொட்டியைக் கொடுத்து அச்சிடச் சொன்னால், அவர் மறுப்பதை நாம் பாராட்டவே செய்வோம். ஆனால் அதே திருமணத்திற்கு மண்டபம் தருபவரோ, பந்திக்குச் சமைப்பவரோ, இன்னாருக்குத் தரமாட்டேன் என்றால் அது வேறு செய்தி. தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை கண்ட நாட்டினர் நாம். நம் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடைகளையும் உணவகங்களையும் பெயர் சுட்டிக் கூறுவது வீணாகவன்று.

கேக் செய்பவர் இவ்விருவரில் யார்? வாழ்த்துப்பா பாடும் புலவரா, பந்திக்குச் சமைப்பவரா? இடர்ப்பாடு முழுவதும் இங்கேதான் உள்ளது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2012இல், ‘மாஸ்டர்பீஸ்’ கேக் கடையில் ஆடவர் இருவர் தம் திருமணத்திற்குக் கேக் கேட்டனர். வாசகம் என்ன, வடிவம் என்ன என்ற பேச்சே எழவில்லை. அதற்குள் மறுப்பு வந்துவிட்டது. பிறந்தநாள் கேக் செய்து தருவேன், திருமணத்திற்கு மாட்டேன் என்றார் உரிமையாளர். தம் கைவினை ஒரு கலை என்பது அவர் வாதம். பின்னர், திருமணக் கேக்குத் தொழிலையே நிறுத்திக்கொண்டு, வருவாயில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை இழந்தார். இழப்பை ஏற்பவரின் பற்றை நடிப்பென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 2018 சூன் 4 அன்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எனினும் மாநில ஆணையம் அவர் சமயத்தை இகழ்ந்து நடுநிலை தவறியது என்ற காரணத்தையே கூறி, மூல வினாவைத் தொடாமல் விட்டது. 2023இல் இணையத்தள வடிவமைப்பாளர் ஒருவர் வழக்கில் 6க்கு 3 என, அவரைப் புலவர் பக்கமே சேர்த்தது. ஒரு திருமணத் தளமும் அவர் அமைக்கத் தொடங்குமுன் வந்த தீர்ப்பு அது. மறுக்கப்பட்டவர் முகம் ஒன்றுகூடக் காணாத வழக்கு என்பது என் குறை.

பற்று மெய்யானது என்பதாலேயே கடை அதற்கு அடங்கிவிடுமா? தென் கரோலினாவில் இறைச்சி உணவகங்கள் நடத்திய ஒருவர், கறுப்பின மக்களுக்குச் சமமாகப் பரிமாறுவது தம் சமய நம்பிக்கைக்கு மாறானது என 1960களில் வாதிட்டார். 1968இல் அதே அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைப் பொருட்படுத்தத் தகாதது என அடிக்குறிப்பொன்றில் ஒதுக்கிற்று. அவர் நம்பிக்கையும் மெய்யாக இருந்திருக்கலாம்.

என் கருத்து இது: வாசகம் எழுதச் சொல்லும்வரை கேக் செய்பவர் பந்திக்குச் சமைப்பவரே. பெல்ஃபாஸ்ட் கடைக்காரர் செய்தது சரி. கொலராடோ கடைக்காரர் செய்தது தவறு. கேக்கின் அலங்காரமே ஒரு வாசகமன்றோ என்று நம் அவைத்தலைவர் நேற்று என்னை மடக்கினார். முழு விடை என்னிடம் இல்லை. ஒரே அலங்காரத்தைப் பிற மணமக்களுக்கு அவர் விற்பாராயின், அது அவருடைய வாசகமாகாது என்பது மட்டும் தெரிகிறது.

பெல்ஃபாஸ்ட்காரர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை சென்றார். உள்நாட்டு நீதிமன்றங்களில் மனித உரிமை உடன்படிக்கையை அவர் முன்வைக்கவில்லை எனக் கூறி, 2022 சனவரியில் அது மனுவை ஏற்க மறுத்தது. அந்த வாசகம் கோரிய திருமணமோ அதற்கு ஈராண்டு முன்பே, 2020 சனவரியில், வட அயர்லாந்தில் சட்டமாகியிருந்தது. அவருடைய விழாவும் 2014லேயே, வேறொரு கடையில் செய்வித்த கேக்கைக் கொண்டு, குறித்தபடி நடந்தேறிவிட்டது.