கடல் மணலும் நெகிழித் துகளும்
(சேத்தியாத்தோப்பில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடலை விட்டு விலகி வாழும் நமக்கு அதன் மாசோடு யாது தொடர்பு என்று சிலர் வினவுவர். நம்மூர் அணைக்கட்டைக் கடக்கும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையிற் கடலோடு கலக்கின்றது. ஆதலின், இவ்வாற்றங்கரையில் நாம் எறியும் நெகிழிப்பை வெள்ளக் காலத்தில் ஆங்குச் சென்றடைதல் கூடும்.

நெகிழி மட்குவதன்று, வெயிலால் நொறுங்கி, அலையால் தேய்ந்து, மணலோடு மணலாகும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த இத்துகள்களை நுண்நெகிழி என்பர். செயற்கை நூலாடையைத் துவைத்த நீரிலும், தேய்ந்த மீன்வலையிலும் இவை பிறக்கின்றன. மீனும் சிப்பியும் இவற்றை இரையோடு விழுங்குகின்றன. மனிதர் குருதியிலும் இவற்றைக் கண்டதாக 2022-ஆம் ஆண்டு நெதர்லாந்து அறிஞர் வெளியிட்டனர்.

2021-ஆம் ஆண்டு கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றிய பொழுது, அதிலிருந்த நெகிழி மணிகள் இலங்கைக் கரைகளில் வந்து குவிந்தன. அக்கேட்டைக் கப்பலார்மேற் சார்த்துதல் எளிது. நம் கலியாணப் பந்திகளால் விளையும் கேட்டை யார்மேற் சார்த்துவோம்?

ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துளது. எனினும், நம் பந்திகளில் நெகிழிக் குவளை ஒழிந்தபாடில்லை. வாழையிலையும் பித்தளைச் செம்பும் நமக்குப் புதியனவல்லவே! பாத்திர வாடகை கொடுக்க இயலாத குடும்பங்களுக்குச் சங்கமே பாத்திரங்கள் வாங்கி வைத்து, வாடகையின்றி உதவுதல் வேண்டும். இதனை இன்றே தீர்மானமாக நிறைவேற்றுமாறு வேண்டி அமர்கின்றேன்.