சிந்திய இரத்தமும் அவளுடையதே

(ஒலுவில் துறைமுகத்தருகே நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

2013இல் திறக்கப்பட்ட இந்தத் துறைமுகத்தின் வாயிலை மணல் மூடியதையும், வடக்கே கரையைக் கடல் அரித்ததையும் நாம் கண்டோம். ஓரிடத்தில் தேங்குவது இன்னோரிடம் இழந்ததுதான். உடம்பிலும் இப்படி நடப்பதுண்டு.

பல வருடங்களுக்கு முன், இந்தக் கரையோரத்து இளம் தாய் ஒருவரை மயங்கிய நிலையில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். கரு பலோப்பியன் குழாயில் தங்கி, குழாய் வெடித்திருந்தது. வெளியே ஒரு சொட்டு இரத்தமும் தெரியவில்லை; எல்லாம் வயிற்றுக்குள். அவருடையதோ நெகட்டிவ் வகை, கையிருப்புப் போதாது. வேறு இடத்திலிருந்து வரும்வரை காத்திருக்க நேரமில்லை.

"அவவுட இரத்தத்தையே திரும்ப ஏத்தப் போறோம்" என்றோம். "ஒழுகின இரத்தம் நஜீஸ்தானே, டொக்டர்?" என்று மாமியார் தயங்கினார். "உயிரைக் காக்கும் நிர்ப்பந்தத்தில் இரத்தம் ஏற்ற உலமாக்கள் அனுமதித்திருக்கிறாங்க, உம்மா" என்றோம். "அப்ப குடுங்க, மகள்" என்றார்.

1914இல் ஜேர்மனிய வைத்தியர் தீஸ் இத்தகைய தாய்மாருக்குச் செய்ததும் இதுதான். தேங்கிய இரத்தத்தைக் கிருமி நீக்கிய பாத்திரத்தால் அள்ளி, பல மடிப்புக் கோஸ் துணியில் வடித்து, உறையாமலிருக்க சிட்ரேட் சேர்த்து, அவரது நாளத்திலேயே ஏற்றினோம். வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் இதற்கு இயந்திரம் உண்டு. அது இரத்தத்தை உறிஞ்சி, சுழற்றி, சலைனால் கழுவி, செங்குழியங்களை மட்டும் திருப்பித் தரும்.

எப்போதும் இது கைகொடுக்காது. நாட்பட்ட இரத்தம் உதவாது. குடலின் அழுக்குக் கலந்தால் ஆபத்து. கழுவும்போது உறையவைக்கும் பொருள்களும் போய்விடும். ஆகவே இரத்த வங்கி வேண்டும். 2014 முதல் நம் நாட்டு இரத்த வங்கிகள் முழுக்க முழுக்கத் தொண்டர்களின் கொடையிலேயே நடக்கின்றன. நாமும் கொடுப்போம்.

அந்தத் தாய் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இரண்டு நாள் வலியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாதவிடாய் தள்ளிப்போனதைச் சொல்ல வெட்கமாம்.

நூறு வருடமாக நம் பெண்களுக்கு வாய்திறந்து பேசக் கற்றுத்தந்தது இந்தப் பள்ளிக்கூடம். மாதவிடாய் தள்ளி, அடிவயிறு வலித்து, தலை சுற்றினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வீட்டிலுள்ள மகளுக்கும் மருமகளுக்கும் இன்றிரவே இதைச் சொல்லிவையுங்கள்.