பச்சிளங் குழந்தைக்கும் குடல்வால் அழற்சியா?



குடல்வால் அழற்சி, அதாவது அப்பெண்டிசைற்றிஸ், என்றதும் பள்ளிப் பிராயத்தினரும் வாலிபருமே நம் நினைவிற்கு வருவர். பிறந்து 28 நாள் நிறையாத சிசுவையும் அது தாக்குமோ எனின், தாக்கும். ஆனால் மிக அபூர்வம். அபூர்வமாகையால் எவரும் அதனை எதிர்பார்ப்பதில்லை, ஆபத்தும் அதுவே.

வளர்ந்தோரின் குடல்வாலில் ஒடுங்கிய வாயை இறுகிய மலமோ வீங்கிய நிணநீர்த் திசுவோ அடைக்க, உள்ளே கிருமிகள் பெருகுகின்றன. சிசுவின் குடல்வாலோ புனல்போல் வாயகன்றது. உணவு பால், நிணநீர்த் திசுவும் அற்பம். ஆகவே எளிதில் அடைபடாது.

அங்ஙனமாயின் நோய் வருவதெப்படி? பல வேளைகளில் அதன் பின்னால் வேறொரு குறைபாடு மறைந்திருக்கும். 1886ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் றெஜினல்ட் ஃபிற்ஸ் இந்நோயை விளக்கிப் பெயரிட்டார். அவ்வாண்டிலேயே டென்மார்க் நாட்டு வைத்தியர் ஹிர்ஷ்ஸ்பிறுங், பெருங்குடல் பருத்து மலங்கழியாது மாண்ட இரு குழந்தைகளைப் பற்றிப் பேர்லினில் எடுத்துரைத்தார். குடலின் கடைப்பகுதியில் நரம்புக் கலங்கள் இல்லாமையே அதன் காரணமென்பது பின்னர் தெளிவாயிற்று. அங்கே கழிவு தேங்க, அமுக்கம் பின்னோக்கி ஏறிக் குடல்வாலையும் தாக்கலாம். குறைமாதப் பிறப்பு, குடற்சுவர் நைந்தழியும் நோய், குடலிறக்கப் பையினுள் குடல்வால் சிக்குதல் என்பனவும் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

சிசுவின் குடல்வாற் சுவர் மெல்லியது. அழற்சியைச் சூழ்ந்து மூடும் கொழுப்பு மடிப்பும் சிறிது. ஆதலால் அது விரைவிற் துளைபட்டுச் சீழ் வயிறெங்கும் பரவும். நோகும் இடத்தைச் சொல்லச் சிசுவிற்கு மொழியில்லை. பாலை மறுத்தல், வயிறு ஊதுதல், பச்சை வாந்தி, சோர்வு, உடல் சுடுதல் அல்லது குளிர்தல் ஆகியவையே அதன் மொழி. பிறந்து இரண்டு நாளாகியும் கருநிற முதல் மலம் கழியாவிடினும் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

பெரியோர்களே, வாய்வென்று ஓமத் தண்ணீர் கொடுத்து விடியும்வரை பார்ப்பது நம் வீடுகளின் வழக்கம். பச்சை வாந்தியும் ஊதிய வயிறும் கண்டால் அந்த ஓரிரவே உயிரைக் கொண்டுபோய்விடும். வாலிபர்களே, அவ்வேளை வாகனம் தேடி ஓடுவது நம் கடன். முன்னர் இந்நோய் கண்ட சிசுக்களிற் பெரும்பாலானவை மாண்டன. இன்று காலந் தாழ்த்தாது சத்திரசிகிச்சை செய்தால் பெரும்பாலானவை பிழைக்கின்றன. நோய் அபூர்வந்தான், ஆயினும் அது வரும் வீட்டிற்கு அந்தக் குழந்தை ஒன்றே குழந்தை.